காது வைத்த நோட்டு

அந்தப் பத்து ரூபாய் நோட்டின் மூலையில் நீட்டிக்கொண்டிருந்த காகிதத் துண்டை நறுக்கியபோது பிசிறுக்குக் கிடைத்த திருப்தி, அதற்கு முன் அவர் செய்திருந்த எந்தத் தப்பிலும் கிடைத்ததில்லை. கத்தரிக்கோல் 'கிச்' என்றது. வேலை முடிந்தது. நோட்டைத் தூக்கி ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். நாலு மூலையும் கூடப்பிறந்தவர்கள் மாதிரி ஒன்றுபோல இருந்தன.

"இப்பத்தான் நீ மனுஷன்" என்று நோட்டிடமே சொன்னார்.

சலவைக் கடைக்காரருக்குப் பிசிறு என்று பெயர் வந்ததே அந்தக் கத்தரிக்கோலால்தான். கட்டைவிரல் நீளம்கூட இருக்காது. துணியை வெளுத்து, இஸ்திரி போட்டு, மடிப்பதற்கு முன்னால் விளிம்பு விளிம்பாகத் தடவிப் பார்ப்பார். காலரில் ஒரு நூல் எட்டிப் பார்க்கும், கிச். பட்டன் ஓட்டையில் ஒன்று சுருண்டு கிடக்கும், கிச். இதற்குத் தனியாகக் கூலி கிடையாது. கேட்டால் யாரும் தரவும் மாட்டார்கள். ஒருமுறை யாரோ ஒரு அம்மாவின் சால்வை ஓரத்தில் தொங்கிய குஞ்சங்களை எல்லாம் பிசிறு என்று நினைத்து, ஒன்று விடாமல் நறுக்கி, புதுச் சால்வை வாங்கிக் கொடுத்தார். அதிலிருந்து பாடம் கற்றுக்கொண்டதாக அவர் சொல்லிக்கொண்டார். சால்வையைப் பொறுத்தவரை அது உண்மைதான்.

நோட்டு மாமனாருடையது. மாமனார் சினிமா தியேட்டரில் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்து வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கை நுழையும் அளவு ஓட்டை வழியாக உலகத்தைப் பார்த்தே தலை நரைத்துப் போனது. அந்த ஓட்டை வழியாக வந்த நோட்டுகளில் ஏதாவது வித்தியாசமாக இருந்தால், தன் சொந்த நோட்டைக் கல்லாவில் வைத்துவிட்டு அதை எடுத்துக்கொள்வார். எண் மாறி அச்சானது, ஒரு பக்கம் மை விழாதது, கையெழுத்து விட்டுப்போனது. கூடவே நினைவு நாணயங்கள். யாராவது ஒருவருக்கு நூற்றாண்டு வந்தால் அரசாங்கம் காசு அடிக்கும், மாமனார் ஒன்று வாங்கி வைப்பார். மாமியார் போன பிறகு மகள் வீட்டுக்கே வந்துவிட்டார். கடையின் பின்பக்கம் ஜன்னலோரம் ஸ்டூல் போட்டு, வாடிக்கையாளர் சட்டைகளில் உதிர்ந்த பட்டன்களைத் தைத்துக் கொடுப்பார். யாரும் செய்யச் சொல்லவில்லை. மாமனாரும் மருமகனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருப்பார்கள். இருவருக்கும் அந்த வீட்டில் மிகவும் பிடித்த பொழுது அதுதான்.

நாணயங்களைத் தொடக் கூடாது என்று பிசிறுக்கு ஏற்கனவே தடை இருந்தது. போன மழைக்காலத்தில், கறுத்துக் கிடக்கிறதே என்று ஒரு நினைவு நாணயத்தைப் பற்பசை போட்டுத் தேய்த்து, புது ஸ்பூன் மாதிரி ஆக்கி நீட்டினார். மாமனார் அதை வெகுநேரம் பார்த்தார்.

"அந்தக் கறுப்புதான் மாப்ளே அதோட வயசு. வயசைத் தேய்ச்சு எடுத்துட்டீங்க."

அன்றிலிருந்து காசு ஆல்பம் பக்கமே பிசிறு போனதில்லை. ஆனால் நோட்டைப் பற்றி உத்தரவு ஏதும் இல்லையே.

அன்று சாயங்காலம் பழைய நோட்டு வாங்கி விற்கிறவர் வீட்டுக்கு வருவதாக இருந்தது. மத்தியானம் மாமனார் ஒரு பிளாஸ்டிக் உறையை மருமகன் கையில் கொடுத்து, "குளிச்சிட்டு வந்துடறேன், பத்திரமா வைங்க" என்றார். உறைக்குள் நோட்டு ஒரு மூலையில் புடைத்திருந்தது. எதுவும் புடைத்திருந்தால் பிசிறுக்குப் பொறுக்காது. உருவிப் பார்த்தார். மூலை பின்பக்கமாக மடிந்திருந்தது. மடிப்பைப் பிரித்தார். உள்ளேயிருந்து பெருவிரல் நகம் அளவுக்கு வெள்ளைக் காகிதம் முக்கோணமாக வெளியே நீண்டது. வந்தவர் முன்னால் இதையா காட்டுவது என்று மனசு கேட்கவில்லை. மேலே மெல்லிய துணி விரித்து, பட்டுக்கு வைக்கிற சூட்டில் இஸ்திரிப் பெட்டியை ஓட்டினார். மடிப்பு இருந்த தடம்கூட இல்லாமல் போனது. மிச்சம் இருந்தது அந்த நீட்டல்தான்.

கிச்.

நோட்டுக்காரர் மழையோடு வந்தார். அவருக்கு இடுக்கி என்று பெயர். எதையும் விரலால் தொட மாட்டார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு எஃகு இடுக்கி இருக்கும். பிசிறின் மனைவி வைத்த பிஸ்கட்டைக்கூட அதாலேயே எடுத்து டீயில் நனைத்தார். முதலில் நாணயங்களைப் பார்த்தார்.

"இது நிறைய அடிச்சாங்க. இதுவும் நிறைய அடிச்சாங்க. இது கொஞ்சமாத்தான் அடிச்சாங்க, ஆனா வாங்கினவன் எவனும் செலவு பண்ணல, அதனால எல்லார் வீட்டுலயும் இருக்கு." பளபளப்பான ஒன்றின் மேல் இடுக்கி நின்றது. "இதை யாரு குளிப்பாட்டினது?"

பிசிறு டீயை ஆற்றினார்.

"சரி, அதை எடுங்க. இதுக்கா நான் மழையில வந்தேன்."

மாமனார் உறையை நீட்டினார். இடுக்கி நோட்டை உருவினார். முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார், உறையைக் கவிழ்த்துத் தட்டினார்.

"காது எங்கே?"

"என்ன காது?" என்றார் பிசிறு.

"அச்சாகி வர்றப்ப தாள் மூலை மடங்கிப் போச்சு. வெட்டுற கத்தி மத்த மூணு மூலையை வெட்டிச்சு, மடங்கின மூலை தப்பிச்சிருச்சு. பிரிச்சா வெளியே நிக்கும், அதான் காது. அந்தக் காதுக்குத்தான் விலை. பெரியவர் போன்ல சொன்னதும் எனக்குத் தூக்கமே வரல. எங்கே அது?"

"பிசிறா இருந்துச்சு" என்றார் பிசிறு. "வெட்டிட்டேன்."

இடுக்கி சிரித்தார். மற்றவர்கள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார். கண்ணில் லென்ஸை மாட்டி மூலையைப் பார்த்தார்.

"வெட்டின மாதிரி இல்லையே. நாலு மூலையும் ஒண்ணு போல இருக்கு. மடிப்புத் தடமும் இல்ல. கை வெட்டா இருந்தா தெரியுமே."

"என் கை வெட்டு தெரியாது" என்றார் பிசிறு. அந்த நேரத்திலும் குரலில் கொஞ்சம் பெருமை ஒட்டிக்கொண்டிருந்தது. அதுதான் பின்னால் அவருக்கு வினையாயிற்று.

"காதோட இருந்திருந்தா என்ன விலை?" என்று மாமனார் கேட்டார்.

"ஓடுற நிலைமையில ஒரு பழைய கார் வாங்கலாம்."

"இப்ப?"

"இப்ப இது வெறும் பத்து ரூபா நோட்டு. கடையில குடுத்தா டீ தருவான்." இடுக்கி எழுந்தார். வாசலில் குடையை விரித்தபடி, யாரையும் பார்க்காமல் கேட்டார்: "இது அந்த நோட்டுதானா பெரியவரே? நம்பர் ஏதும் குறிச்சு வச்சிருக்கீங்களா?"

"நான் காதைப் பார்த்தேன். நம்பரை யாரு பார்த்தா."

"ஓ" என்றார் இடுக்கி. அந்த ஒரு எழுத்தை வீட்டுக்குள் விட்டுவிட்டுப் போனார். அது கொசு மாதிரி சுற்றத் தொடங்கியது.

மாமனார் நோட்டை உறைக்குள் திரும்பப் போட்டார். "காயவைக்கிற மெஷின் ஒண்ணு வாங்கிப் போடலாம்னு இருந்தேன்" என்றார், பொதுவாக. "மழை வந்தா பிள்ளை ஈரத்துணியிலேயே நின்னு இருமுது."

பிள்ளை என்றது மகளை. அவள் கை நிறைய ஈரப் போர்வைகளோடு கதவருகில் நின்றிருந்தாள். உள்ளே போனாள். மழை நாட்களில் வீடு முழுக்கக் கயிறு கட்டி அடுத்தவர் துணி தொங்கும். சாப்பிட உட்கார்ந்தால் தலையில் யாரோ ஒருவரின் கால்சட்டை சொட்டும். அந்தத் தொங்கலுக்குள் அவள் எங்கே போனாள் என்று தெரியவில்லை.

இருட்டுவதற்குள் மச்சினன் வந்துவிட்டான். அவளுடைய தம்பி. இன்சூரன்ஸ் கம்பெனிக்காக, மோதி நசுங்கிய வண்டிகளைப் பார்த்து அறிக்கை கொடுப்பவன். எந்த வண்டியும் சொன்ன மாதிரி மோதியிருக்காது என்பது அவன் தொழில் தர்மம். மழைக்கோட்டைக் கழற்றும் முன்பே டார்ச்சை எடுத்தான்.

"எங்க வச்சு வெட்டினீங்க அத்தான்?"

"இதோ, இந்த மேஜையிலதான்."

"எந்தப் பக்கம் பார்த்து நின்னீங்க?"

"மேஜையைப் பார்த்துத்தான் மச்சான். முதுகைக் காட்டியா இஸ்திரி போடுவாங்க?"

அவன் சிரிக்கவில்லை. "வெட்டின துண்டு?"

"ஊதிட்டேன்."

"ஊதிட்டீங்க."

"நூல் நறுக்கினா ஊதுவேன்ல, அப்படி."

"நூல் நறுக்கினா ஊதுவீங்க. சரி." அவன் சொன்னதையே திருப்பிச் சொல்கிற விதம் இருக்கிறதே, தான் சொன்னதுதானா என்று சொன்னவருக்கே சந்தேகம் வந்துவிடும். "ஊதினது எங்க போச்சு?"

குனிந்து தேடினார்கள். மேஜைக்கு அடியில் பஞ்சு, நூல், யாருடையதோ ஒரு ஹேர்பின். குப்பை வண்டி மத்தியானமே வந்து, பஞ்சு மூட்டையை எடுத்துப்போய்விட்டது. மச்சினன் நிமிர்ந்து முழங்காலைத் தட்டிக்கொண்டான்.

"அப்ப வெட்டினதுக்குச் சாட்சி ஒண்ணும் இல்ல."

"சாட்சி வச்சிட்டா வெட்டுவாங்க?"

"நான் ஒண்ணும் சொல்லல அத்தான். சும்மா யோசிக்கிறேன். எவ்வளவு நல்லா வெட்டினாலும் லென்ஸ்ல தெரியும்னு நோட்டுக்காரர் சொன்னாராம். இங்க தெரியல. காது இருந்த நோட்டு ஒண்ணு, காதே இல்லாத நோட்டு ஒண்ணு. ரெண்டும் ஒரே நோட்டுதான்னு நீங்க மட்டும் சொல்றீங்க."

அப்போதுதான் பிசிறுக்கு உறைத்தது. வெட்டியதற்காகத் திட்டுவார்கள் என்று எதிர்பார்த்து, அதற்குத் தேவையான மூஞ்சியைத் தயாராக வைத்திருந்தார். இவன் வெட்டவே இல்லை என்கிறான்.

"மாத்தி வச்சிட்டேன்னு சொல்றியா? மெஷின் வந்தா என் கடைக்குத்தானே வரும்?"

"மெஷின் கடையில நிக்கும். பணம்னா பாக்கெட்ல நிக்கும். நான் பார்த்த கேஸ்ல எல்லாம்..."

"இது கேஸ் இல்ல, உங்க அக்கா வீடு."

பிசிறு மாமனாரைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க மாமா. நான் அப்படிச் செய்வேனா?"

மாமனார் கவுண்டர் ஓட்டை வழியாகப் பார்ப்பது போல ஒரு கண்ணைச் சுருக்கினார். "மழை விடட்டும், பார்ப்போம்" என்றார். டிக்கெட் இருக்கிறதா என்று கேட்டவர்களுக்கு ஆயுசு முழுக்க அப்படித்தான் பதில் சொல்லியிருப்பார் போல. அதை வைத்துக்கொண்டு படம் பார்க்கவும் முடியாது, வீட்டுக்குத் திரும்பவும் முடியாது.

மறுநாளிலிருந்து ஜன்னலோர ஸ்டூல் காலியாகக் கிடந்தது. பட்டன் இல்லாத சட்டைகள் ஸ்டூலின் மேல் ஏறி உட்கார்ந்தன. மாமனார் ஆல்பத்தைத் துண்டில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடமாடினார். குளிக்கப் போனாலும் கூடவே போனது. ஒருமுறை, தன்னையறியாமல், பிசிறு எதிரே வந்தபோது துண்டை மறு கக்கத்துக்கு மாற்றினார். அவ்வளவுதான். அதற்கு ஒரு அறை வாங்கியிருந்தால்கூடத் தேவலாம் என்றிருந்தது பிசிறுக்கு. அந்த ராத்திரி சாப்பிடும்போது, தொங்கும் துணிகளைப் பார்த்து மாமனார் சொன்னார்: "ஞாயித்துக்கிழமை நான் பையன் வீட்டுக்குப் போறேன். அங்க கொஞ்ச நாள்."

மனைவி ரொட்டியைப் பிட்டுக்கொண்டே இருந்தாள். பிட்டுப் பிட்டுத் தட்டு முழுக்கப் பொடியாயிற்று. "கொஞ்ச நாள்னா எவ்வளவு நாள்பா?" என்றாள்.

"பார்ப்போம்."

பிசிறும் சும்மா இருக்கவில்லை. சந்தேகம் என்ன அந்தக் குடும்பத்துக்கு மட்டுமா சொந்தம்? இஸ்திரிப் பெட்டியை ஓட்டிக்கொண்டே அவர் சந்தேகப்பட ஆரம்பித்தார். இடுக்கிதான் உறையைக் கவிழ்த்துத் தட்டினார், நோட்டையே மாற்றியிருக்கலாம். இடுக்கியின் கை வேகம் யாருக்குத் தெரியும். இல்லை, மச்சினன் குனிந்து தேடினானே, காது கிடைத்து, சட்டைக் கைக்குள் விட்டிருக்கலாம். அப்பாவைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போக, ஆல்பம் தன்னோடு வர, இதைவிட நல்ல வழி உண்டா? அவ்வளவு தூரம் யோசித்தபோது ஒரு வெள்ளைச் சட்டையின் முதுகில் இஸ்திரிப் பெட்டி படம் வரைந்துவிட்டது. தொழிலில் இதுவரை அப்படி நடந்ததில்லை.

பிசிறு நோட்டுக்காரரின் கடைக்குப் போனார். கடிகாரக் கடையின் படிக்கட்டுக்கு அடியில் ஒரு அலமாரி, ஒரு ஸ்டூல், ஒரு விளக்கு. அவ்வளவுதான் கடை.

"நேரா ஒரு கேள்வி கேக்கறேன்" என்றார் பிசிறு. "அந்த நோட்டை நீங்க ஏதும் பண்ணினீங்களா?"

இடுக்கிக்குக் கோபமே வரவில்லை. வேலையைத் தள்ளி வைத்துவிட்டு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். "உக்காருங்க. நீங்க வருவீங்கன்னு தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"வித்தாகணும்ல." குரலைத் தாழ்த்தினார். "காதோட நோட்டு உங்ககிட்ட இருந்தா எனக்கே குடுங்க. வெளியில போனா ஏமாத்துவாங்க. இழுத்து ஒட்ட வச்ச காதுன்னு சொல்லி அடிமாட்டு விலைக்குக் கேப்பாங்க. எனக்குன்னா பெரியவர் வாயால கேட்ட கதையே போதும்."

"என்கிட்ட இல்ல."

"இல்லைன்னுதானே சொல்லணும். நீங்க சொல்றதுதான் சரி." லென்ஸுக்கு அந்தப் பக்கம் ஒரு கண் பெரிதாகத் தெரிந்தது. "அவசரமில்ல. விலை ஏறிக்கிட்டுத்தான் போகும்."

பிசிறு படிக்கட்டில் தலையை இடித்துக்கொண்டு வெளியே வந்தார். ஊரில் தன் திறமையை இவ்வளவு உயர்வாக மதிக்கிற ஆள் இன்னொருவர் இல்லை. திருடன் என்று முழு மரியாதையோடு நம்புகிறார்.

வீட்டுக்கு வந்தால் மச்சினன் மறுபடியும் மேஜைக்கு அடியில் கிடந்தான். டார்ச் வெளிச்சம் சுவரில் ஊர்ந்தது.

"இன்னுமா?"

"அக்காதான் போன் பண்ணிச்சு. இன்னொரு தடவை நல்லாத் தேடிப் பாருன்னு." எழுந்தான். "ஒண்ணும் இல்ல. சுத்தமா இருக்கு."

பிசிறு மனைவியைத் தேடினார். அவள் பாய்லர் பக்கம் நின்று, தம்பி எழுந்ததைப் பார்த்து, எதற்கோ சலித்துக்கொண்டாள். 'இவளும் இவனை வரவழைக்கிறாள். அப்படியானால்...' என்று ஒரு எண்ணம் எழுந்தது. அதை அவர் நறுக்கிப் போடப் பார்த்தார். கத்தரிக்கோல் எட்டவில்லை.

சலவைக் கடையில் ஒரு விதி உண்டு. தண்ணீரில் போடும் முன்னால் ஒவ்வொரு பாக்கெட்டையும் பார்க்க வேண்டும். பார்த்து முடித்ததும் பாக்கெட்டின் உள்துணியை வெளியே இழுத்து விட்டுவிட வேண்டும், நாக்கு நீட்டுகிற மாதிரி. நாக்கு வெளியே இருந்தால் பார்த்தாகிவிட்டது என்று அர்த்தம். பாக்கெட்டில் கிடைத்தது எதுவானாலும், சாவியோ மோதிரமோ காதல் கடிதமோ, சீட்டுக் கட்டி கல்லா பக்கத்துத் தகர டப்பாவில் போட வேண்டும். அந்த வேலை முழுக்க மனைவியுடையது. அவள் கைக்குத் தப்பி இதுவரை எதுவும் தண்ணீருக்குள் போனதில்லை.

சனிக்கிழமை காலை பிசிறு கதவின் பின்னால் இருந்த கொக்கியைப் பார்த்தார். நோட்டு வெட்டிய அன்று போட்டிருந்த சாம்பல் நிறப் பேன்ட் அதில் தொங்கியது. ஊர்த் துணியெல்லாம் முடிந்த பிறகுதான் வீட்டுத் துணிக்கு முறை வரும், மழை நாளில் அந்த முறை வருவதே இல்லை. துவைப்பதற்கு எடுத்த பேன்ட் அல்ல அது. ஆனால் அதன் இரண்டு பாக்கெட்டும் நாக்கை வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

அவர் அங்கேயே நின்றார். யாரோ பார்த்திருக்கிறார்கள். வீட்டுக்குள்ளே, அவருடைய பாக்கெட்டை.

முதலில் மாமனாரிடம் போனார். அவர் பெட்டிக்குள் சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"மாமா, என் பேன்ட் பாக்கெட்டை நீங்க பார்த்தீங்களா?"

"எனக்கே கண்ணு சரியாத் தெரியறதில்ல மாப்ளே."

"கண்ணைக் கேக்கல. பார்த்தீங்களா இல்லையா?"

"நான் பார்த்து என்ன ஆகப்போகுது" என்று சொல்லி மாமனார் ஒரு பனியனை மடித்தார். நாலாக மடித்தார், பிறகு பிரித்து மூன்றாக மடித்தார்.

மச்சினனுக்குப் போன் போட்டார்.

"என் பாக்கெட்டை நீ தேடினியா?"

"ஏன், அதுல ஏதாவது இருந்துச்சா?" என்றான் அவன் உடனே.

பிசிறு போனை வைத்துவிட்டார். மனைவியிடம் மட்டும் கேட்கவில்லை. கேட்காததற்குக் காரணம் அவருக்குத் தெரியும். மற்ற இருவரும் சுற்றி வளைத்தால் தாங்கிக்கொள்ளலாம். இவள் சுற்றி வளைத்தால் அதற்கப்புறம் கேட்க ஆளில்லை.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டது. 'மழை விடட்டும்' என்றவர் விட்டதும் கிளம்புகிறாரே என்று பிசிறு நினைத்தார். வாடகை வண்டி வாசலில் நின்றது. மச்சினன் பெட்டியைத் தூக்கி வந்தான். மாமனார் துண்டு சுற்றிய ஆல்பத்தோடு கல்லா அருகில் நின்று, கடையை ஒருமுறை மேலும் கீழுமாகப் பார்த்தார். பிசிறு உள்ளே போய், ஊசியும் நூல் கண்டும் பட்டன்களும் இருந்த பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்தார்.

"இதையும் எடுத்துக்குங்க மாமா. உங்களுதுதானே."

மாமனார் வாங்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

"போறதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும்" என்றார் பிசிறு. "வெட்டினது என் தப்பு. மண்டையில நாலு போட்டிருந்தா வாங்கியிருப்பேன். ஆனா யாரோ என் பாக்கெட்டை விரிச்சுப் பார்த்திருக்கீங்க. யாருன்னு கேட்டா ஒருத்தர் கண்ணு தெரியலங்கறீங்க, ஒருத்தன் என்னையே திருப்பிக் கேக்கறான். இந்த வீட்டுல ஒரு கேள்விக்கு ஒரு பதில் கிடையாதா?"

பாய்லர் புஸ்ஸென்று ஆவி விட்டது. வண்டிக்காரர் ஹாரன் அடித்தார்.

மனைவி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். கல்லா பக்கம் வந்தாள். தகர டப்பாவைத் திறந்து, சாவிகளையும் பேனாக்களையும் விரலால் ஒதுக்கி, ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தாள். வாடிக்கையாளர் பொருளுக்குக் கட்டுகிற அதே சீட்டு அதில் கட்டியிருந்தது. சீட்டில் 'நம்ம வீடு' என்று எழுதியிருந்தது.

"நான்தான் பார்த்தேன்" என்றாள்.

பொட்டலத்தைப் பிரித்தாள். பெருவிரல் நகம் அளவுக்கு ஒரு வெள்ளை முக்கோணம், இரண்டு நூல் துணுக்குகளோடு.

"எங்க இருந்துச்சு?" என்றான் மச்சினன்.

"இவர் பாக்கெட்டுல. நறுக்கினதைக் கீழ போட்டா நான் கத்துவேன்னு பாக்கெட்டுல போட்டுக்குவாரு. ஊதறேன்னு நினைச்சுக்கிட்டே போடுவாரு. கைக்குப் பழக்கம், அவருக்கே தெரியாது. எனக்குத் தெரியும், துவைக்கிறவ நான்தானே."

மாமனார் துண்டைப் பிரித்து நோட்டை எடுத்தார். கல்லாவின் கண்ணாடி மேல் வைத்து, காதை அதன் மூலையருகே நகர்த்தினார். நோட்டின் விளிம்பில் மயிரிழை போல ஓடிய ஒரு பச்சை மைக்கோடு காதுக்குள் போய் முடிந்தது. மச்சினன் டார்ச் அடித்தான், பட்டப்பகலில். பிறகு டார்ச்சை அணைத்து, அதைப் பையில் போட இடம் தெரியாதவன் போலக் கையிலேயே வைத்திருந்தான்.

"எப்ப கிடைச்சுது அக்கா?"

"அன்னிக்கு நீ வந்து தேடிட்டுப் போன ராத்திரியே." அவள் தம்பியைப் பார்த்தாள். "நானா எடுத்துக் குடுக்க முடியலன்னுதான் மேஜைக்குக் கீழ போட்டுட்டு உன்னைக் கூப்பிட்டேன். டார்ச்சு வேற. உன் மூக்குக்கு நேரா கிடந்துச்சு, சுத்தமா இருக்குன்னு எழுந்திரிச்சே. உன்னை நம்பி எப்படித்தான் கம்பெனி நடத்துறாங்களோ."

மாமனார் நோட்டையும் காதையும் ஒரே உறைக்குள் போட்டு, ஆல்பத்துக்குள் வைத்து, ஆல்பத்தை மருமகன் கையில் கொடுத்தார். பதிலுக்கு பிஸ்கட் டப்பாவை வாங்கிக்கொண்டார். "அந்தச் சட்டையெல்லாம் ஸ்டூல்லேருந்து எடுங்க மாப்ளே. உக்கார இடம் வேணாமா" என்றபடி உள்ளே போனார். மச்சினன் வாசலுக்குப் போய் வண்டிக்காரரோடு ஏதோ பேசினான். கொஞ்சம் கழித்துப் பெட்டி தானாக உள்ளே வந்தது.

மேஜையருகே இருவர் மட்டும் நின்றார்கள். பிசிறு ஆல்பத்தை மார்போடு பிடித்திருந்தார். திறக்கப் பயமாக இருந்தது.

"கிடைச்ச அன்னிக்கே சொல்லியிருக்கலாமே" என்றார். "உங்கப்பா பெட்டி கட்டற வரைக்குமா?"

"காதைக் காட்டினா, எங்கேருந்துன்னு கேப்பாங்க. உங்க பாக்கெட்டுலேருந்துன்னு சொல்லணும். ஏன் பார்த்தேன்னு கேப்பீங்க."

"ஏன் பார்த்தே?"

"பணம் இருக்கான்னு பார்த்தேன்."

ஜன்னல் பக்கம் மாமனார் ஊசியில் நூல் கோக்க முயன்று, எச்சில் தொட்டு, மறுபடி முயன்றுகொண்டிருந்தார். அவருக்குக் காது கேட்கும். கேட்காத மாதிரி உட்கார்ந்திருந்தார்.

பிசிறு குரலைத் தாழ்த்தினார். "அப்ப, நான் வித்துட்டேன்னு நீயும் நினைச்சியா?"

அவள் இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்தாள். வழக்கமாக ஒரு பேச்சை முடிக்க அவள் அப்படித்தான் செய்வாள். இந்த முறை பெட்டியைத் துணியில் வைக்காமல், ஆவி வந்துகொண்டிருந்த அதற்கு மேலாக அவரை நேராகப் பார்த்தாள்.

"ஆமா" என்றாள். "நினைச்சேன். பேன்ட்டைக் கொக்கியிலேருந்து எடுத்ததுலேருந்து, இந்தத் துண்டு விரல்ல படற வரைக்கும் நினைச்சேன்."